பாடநூலைத் தேர்வு செய்வோர் முதலில் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கல்வியாண்டு முடிந்து அடுத்த ஆண்டுக்கான நூல்களை முடிவு செய்யும் நாள்களில் பள்ளி, கல்லூரிகளின் தேர்வுக் குழுக்களும், தனிப்பயிற்சி அளிப்பவர்களும், பிள்ளைகளுக்குத் துணைநூல் வாங்கித் தரும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். பொருளடக்கத்தில் பாடத்திட்டத்தின் தலைப்புகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று விரல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நடுவில் நான்கைந்து பக்கங்களைப் புரட்டுகிறார்கள். வண்ணப் படங்களும் வழவழப்பான தாளும் இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் ஒரு பாடத்தையாவது முதல் வரியிலிருந்து கடைசிப் பயிற்சி வினா வரை படித்துவிட்டு முடிவு சொல்பவர்கள் மிகக் குறைவு என்பதைத் தேர்வுக் குழுக்களில் பங்கேற்ற ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஓராண்டு முழுவதும் ஒரு மாணவர் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய நூலை அரைமணி நேரப் புரட்டலில் முடிவு செய்வது பெரிய அநீதி என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் குறை எங்கும் உண்டு. 1964-ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், கலிஃபோர்னியா மாநிலப் பாடத்திட்டக் குழுவில் அமர்ந்து பள்ளிக் கணித நூல்களை மதிப்பிட்டார். மூன்று நூல்கள் கொண்ட ஒரு வரிசையில் மூன்றாவது நூல் உரிய காலத்தில் அச்சாகி முடியாததால், பதிப்பகம் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வெற்றுத்தாள்களை வைத்துக் கட்டி அனுப்பியிருந்தது. குழு உறுப்பினர்கள் சிலர் அந்த வெற்று நூலுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள் என்றும், அந்த மதிப்பெண் வரிசையின் மற்ற இரு நூல்களுக்குக் கிடைத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்றும் அவர் பின்னாளில் எழுதினார். அதே குழுவுக்கு வந்த வேறொரு நூலில், ஒரு சிறுவனும் அவன் தந்தையும் பார்த்த விண்மீன்களின் வெப்பநிலைகளையெல்லாம் கூட்டி மொத்தம் என்ன என்று கேட்கும் கணக்கு இருந்தது. வெப்பநிலைகளை அப்படிக் கூட்டுவதால் எந்தப் பொருளும் கிடைக்காது என்பது பக்கத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும். பொருளடக்கத்தில் அது ‘கூட்டல்’ என்ற தலைப்பாக மட்டுமே தென்பட்டிருக்கும்.

நூலை யாருக்காகத் தேர்கிறோம் என்ற கேள்வியை அடுத்து எழுப்ப வேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் வகுப்பு எண், மாணவரின் வயதைத் தவிர வேறெதையும் நமக்கு உறுதியாகச் சொல்வதில்லை. ஒரே வகுப்பறையில், சென்ற ஆண்டின் பாடத்தையே இன்னும் பிடித்துக்கொள்ளாதவரும், அடுத்த ஆண்டின் பாடத்துக்கு ஆயத்தமாக இருப்பவரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நூலைக் கொடுத்துவிட்டு ஒருவர் தேறினார், மற்றவர் தேறவில்லை என்று மாணவரைக் குறை சொல்கிறோம்.

இதைப் பற்றி அறிதல் உளவியல் தெளிவான சில முடிவுகளைத் தந்திருக்கிறது. 1985-இல் ஜான் ஸ்வெல்லர், கிரகாம் கூப்பர் ஆகிய இருவரும் இயற்கணிதம் கற்கும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், முழுவதும் தீர்த்துக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள், தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்களைவிட அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு எடுத்துக்காட்டு அவ்வளவு துணை செய்கிறது. ஆனால் அதே ஆய்வு மரபில் பின்னர் வந்தவர்கள், கற்பவரின் தேர்ச்சி உயர உயர இந்தப் பயன் குறைந்துகொண்டே போய், ஓர் எல்லைக்குப் பிறகு விரிவான விளக்கமே அவருக்குச் சுமையாகிவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். தெரிந்ததையே படிப்படியாக மறுபடியும் வாசிக்க வேண்டியிருப்பதால் கவனம் சிதறுகிறது. தாமே முயன்று பார்க்கும் வாய்ப்பும் பறிபோகிறது. ஆகவே ‘இது நல்ல நூலா’ என்று பொதுப்படக் கேட்டால் விடை கிடைக்காது. தொடக்கநிலை மாணவருக்கு மிகச் சிறந்த நூலே முன்னேறிய மாணவருக்குப் பொருந்தாத நூலாக இருக்கலாம் என்பதையும், இரண்டு நிலைகளுக்கும் இரண்டு நூல்கள் வேண்டும் அல்லது ஒரே நூலுக்குள் இரண்டு பாதைகளாவது வேண்டும் என்பதையும் தேர்வுக் குழுக்கள் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

கணித நூலைக் கையில் எடுப்பவர் முதலில் எடுத்துக்காட்டுகளையும் அவற்றை அடுத்து வரும் பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னங்களின் கூட்டல் என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நூலில் எடுத்துக்காட்டுகள் 1/4 + 2/4 என்றும் 1/2 + 1/4 என்றும் இருக்கின்றன. முதலாவதில் பகுதிகள், அதாவது பின்னத்தின் கீழ் எண்கள், ஒன்றே. இரண்டாவதில் ஒரு பகுதி மற்றதன் மடங்கு. பயிற்சியின் முதல் வினாவோ 2/3 + 3/5 என்று கேட்கிறது. இரண்டு பகுதிகளையும் மாற்றியாக வேண்டிய இந்த வகைக்கு ஓர் எடுத்துக்காட்டும் இல்லை. வகுப்பில் ஆசிரியர் இருந்தால் இந்த இடைவெளியை நிரப்பிவிடுவார். வீட்டில் தனியே படிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், தனக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கும் வந்துவிடும். நூலாசிரியர் செய்த தவறுக்கு ஒரு குழந்தை தன் அறிவைப் பழிக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பேரறிவு தேவையில்லை. பயிற்சியின் ஒவ்வொரு வினாவுக்கும் நேராக, எந்த எடுத்துக்காட்டிலிருந்து இதைச் செய்ய முடியும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் போதும். குறிக்க முடியாமல் நிற்கும் வினாக்கள் எத்தனை, அவை பயிற்சியின் தொடக்கத்தில் வருகின்றனவா, இறுதியில் அறைகூவலாக வருகின்றனவா என்பது அந்த நூல் எந்த மாணவருக்கு உரியது என்பதைச் சொல்லிவிடும்.

பயிற்சி வினாக்களின் வரிசையையும் யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான நூல்கள் ஒரு பாடத்துக்குக் கீழே அந்தப் பாடத்தின் கணக்குகளையே இருபது, முப்பது என்று அடுக்குகின்றன. எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மாணவர் யோசிக்கவே தேவையில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. 2007-இல் டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கணக்கிடக் கற்றார்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள்; எல்லாவற்றையும் கலந்து பயின்றவர்களால் 60 விழுக்காடுதான் முடிந்தது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழாயிற்று: கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு, தனித்தனியாகப் பயின்றவர்கள் 20 விழுக்காடு. முந்தைய பாடங்களின் கணக்குகளைப் பிந்தைய பயிற்சிகளில் தூவி வைத்திருக்கும் நூல், புரட்டிப் பார்ப்பவருக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும். ஓராண்டு கழித்தும் மாணவரின் நினைவில் கணக்கு நிற்க வேண்டுமானால் அந்த நூலையே நாம் தேட வேண்டும்.

மொழிப்பாடத்துக்கு அளவுகோல் வேறு. இரண்டாம் மொழியாக ஒன்றைக் கற்பவருக்குப் பக்கத்தில் எத்தனை சொற்கள் தெரியாதவை என்பதே தலையாய கேள்வி. 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர்கள், அகராதியின் துணையின்றி ஒரு கதையை நிறைவாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 250 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஐந்து. ஆசிரியரின் துணையோடு படிக்கும் பாடத்தில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் எல்லையற்றுப் போக முடியாது. பத்துக்கு ஒரு சொல் தெரியாமல் போனால் அதே பக்கத்தில் இருபத்தைந்து சொற்கள் அந்நியமாக நிற்கும். அந்த மாணவர் பொருளை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார். ஆகவே மொழி கற்பவருக்கு ஒரு பாடநூலும், அதைவிட ஒரு படி எளிமையான துணைவாசிப்பு நூல்கள் பலவும் வேண்டும். முதலாவது அவரை மேலே இழுக்கும். மற்றவை தடையின்றி ஓடும் வாசிப்பைப் பழக்கும். பாடநூலை மட்டும் வாங்கிவிட்டுத் துணைவாசிப்பைச் செலவு என்று தள்ளும் வழக்கம் மொழிக்கல்விக்குப் பெருங்கேடு.

இங்கே தமிழில் எழுதப்பட்ட நூல்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கில நூல்களின் கடினத்தை அளக்க, 1948-இல் ருடால்ஃப் ஃபிளெஷ் தந்ததைப் போன்ற வாய்பாடுகள் உண்டு. வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லிலுள்ள அசைகளையும் எண்ணி அவை ஒரு மதிப்பைத் தருகின்றன. அந்த வாய்பாட்டை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பாடநூலுக்குப் பொருத்துவது பிழை. ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற நெடுஞ்சொல்லைச் சிறு குழந்தையும் தயங்காமல் சொல்லும். ‘நிறை’, ‘விசை’ போன்ற ஈரெழுத்துக் கலைச்சொற்களுக்குள் ஓராண்டுக்கான இயற்பியல் இருக்கிறது. நம் நூல்களின் கடினத்தை அளக்க, ஒரு பக்கத்தில் விளக்கமின்றி வரும் புதிய கலைச்சொற்களை எண்ணுவதே இப்போதைக்கு நம்பகமான வழி. அதிலும் ஒரே கருத்துக்கு ஒரு பாடத்தில் ஒரு கலைச்சொல்லும் இன்னொரு பாடத்தில் வேறொரு கலைச்சொல்லும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பலர் சேர்ந்து எழுதி, ஒருவரும் முழுதாகத் திருத்திப் பார்க்காத நூல்களில் இது நடக்கிறது. இரண்டு சொற்கள் என்றால் இரண்டு பொருள்கள் என்று மாணவர் நம்புவது இயல்புதானே.

அறிவியல் நூல்களில் எனக்குள்ள கவலை பெரும்பாலும் படங்களைப் பற்றியது. பருவகாலங்களை விளக்கும் படத்தை எத்தனையோ நூல்களில் பார்த்திருக்கிறேன். கதிரவனைச் சுற்றிப் பூமி செல்லும் பாதை ஒரு நீண்ட முட்டை வடிவத்தில் வரையப்பட்டிருக்கும். ஒரு முனையில் பூமி கதிரவனுக்கு மிக அருகிலும் மறுமுனையில் வெகு தொலைவிலும் இருப்பதைப் போலத் தோன்றும். உண்மையில் பூமி கதிரவனுக்கு மிக அருகில் வரும்போது தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், மிகத் தள்ளிப் போகும்போது சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அந்தப் பாதையை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு அளவுத்திட்டப்படி வரைந்தால், அதன் அகலம் நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடக் குறையாது. கண்ணுக்கு அது வட்டமாகவே தெரியும். படத்துக்குப் பக்கத்திலேயே, பருவங்கள் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் உண்டாகின்றன என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாணவரின் மனத்தில் படம்தான் நிற்கிறது. கோடைக்காலத்தில் ஏன் வெப்பம் மிகுகிறது என்று கேட்டால், ‘அப்போது பூமி கதிரவனுக்கு அருகில் இருக்கிறது’ என்று அவர் சொல்வது அந்தப் படத்தைப் படித்து வந்த விடை. பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளத்தில் குளிர்காலம் நிலவும்போது. இந்த ஒரு தகவலை வினாவாக வைத்து மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் நூல் எதுவோ, பாதை அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை என்று படத்தின் கீழேயே குறிப்பிடும் நூல் எதுவோ, அதற்கு என் வாக்கு.

இதேபோல், நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று சுவைகளைப் பங்கிட்டுக் காட்டும் வரைபடம் இன்றும் சில நூல்களில் தொடர்கிறது. 1901-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வின் முடிவுகளைப் பிற்காலத்தவர் மிகைப்படுத்தியதால் வந்தது அது. சுவை உணரும் எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சுவைகளையும் உணர முடியும் என்பது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. சிரைகளை நீல வண்ணத்தில் காட்டுவது வரைபட மரபு மட்டுமே என்று சொல்லாத நூலைப் படித்த பிள்ளைகள், உடலுக்குள் குருதி நீலமாக ஓடுகிறது என்று நம்புகிறார்கள். தேர்வுக் குழுவில் அந்தந்தப் பாடத்தை ஆழ்ந்து கற்ற ஒருவராவது இருந்து, இப்படி நெடுங்காலம் நகலெடுக்கப்பட்டு வரும் பிழைகளைக் குறிவைத்துத் தேடினால், ஒரு பிற்பகலில் நூலின் தரம் விளங்கிவிடும்.

பதிப்பு ஆண்டைப் பார்ப்பதிலும் பாடத்துக்குப் பாடம் வேறுபாடு உண்டு. புளூட்டோ 2006-இல் கோள் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டதும், அணு எண் 113, 115, 117, 118 கொண்ட தனிமங்களுக்கு 2016-இல் பெயர்கள் ஏற்கப்பட்டதும், 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை ஓர் உலோக உருளையிலிருந்து இயற்பியலின் அடிப்படை மாறிலிகளுள் ஒன்றான பிளாங்க் மாறிலிக்கு மாறியதும் இல்லாத அறிவியல் நூல் பழையது. அதை வாங்கக் கூடாது. மருத்துவம், கணினியியல் ஆகியவற்றில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆனால் வடிவியலிலும் தொடக்கநிலை நுண்கணிதத்திலும் புதிய பதிப்பு என்பதற்காகவே ஒரு நூலை மாற்றுவது வீண். யூக்ளிடின் வடிவியல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் புழங்கியது. முந்தைய பதிப்பின் பயிற்சி வினாக்களை மட்டும் வரிசை மாற்றி, பக்க எண்களைக் கலைத்துவிட்டு வெளிவரும் பதிப்பை வாங்கச் சொல்வது, அண்ணன் அக்காள் படித்த நூலைத் தம்பி தங்கை பயன்படுத்த முடியாமல் செய்வதில்தான் முடிகிறது.

வரலாற்று நூலில் நான் பார்ப்பது ஒன்றே: நடந்ததைச் சொல்வதோடு நிற்கிறதா, அது நடந்ததை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதையும் காட்டுகிறதா? கல்வெட்டின் ஒரு பகுதியோ, கடிதமோ, ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு மாறுபட்ட பதிவுகளோ இடம்பெறாத வரலாற்று நூல், மனப்பாடத்துக்கு மட்டுமே உதவும். தலைமுறைகளாகப் போரிட்டுக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் இரு நாட்டு மேல்நிலை மாணவர்களுக்கும் ஒரே உள்ளடக்கம் கொண்ட வரலாற்றுப் பாடநூலை இரு மொழிகளிலும் உருவாக்கி, 2006-இல் அதன் முதல் தொகுதியை வெளியிட்டன. அது முடியுமென்றால், ஒரே நூலுக்குள் இரண்டு தரப்புச் சான்றுகளை வைப்பது நமக்குக் கடினமாக இருக்கக் கூடாது. புவியியலைப் பொறுத்தவரை, ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கு பரப்பே கொண்ட கிரீன்லாந்தை அதற்கு இணையாகக் காட்டும் மெர்கேட்டர் வரைபடத்தை, விளக்கம் ஏதுமின்றி உலகப்படமாகத் தரும் நூலை ஒதுக்கிவிடலாம்.

கல்லூரி நிலையில் ‘ஒரு பாடத்துக்கு ஒரு நூல்’ என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாண்டு மாணவருக்குப் பள்ளியிலிருந்து கைப்பிடித்து அழைத்து வரும் விரிவான நூல் ஒன்றும், மூன்றாம் ஆண்டில் சுருக்கமும் செறிவும் உடைய நூல் ஒன்றும் வேண்டும். ஒரே கருத்தை வேறு குறியீட்டில், வேறு வழியில் சொல்லும் இரண்டாவது நூல் நூலகத்தில் எப்போதும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் இயற்பியல், உயிரியல், பொருளியல் போன்ற பாடங்களுக்குத் தரமான கல்லூரி நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய மாணவருக்கு இரண்டாவது நூலாக இவற்றைப் பரிந்துரைக்க எந்தத் தடையும் இல்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று இறுதியில் பட்டியலிடும் சொல்லடைவு இல்லாத நூலைக் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது. கல்லூரி மாணவர் நூலை முதலிலிருந்து வாசிப்பதைவிட, வேண்டியதைத் தேடிச் சென்று படிப்பதே அதிகம். தமிழில் வெளிவரும் உயர்கல்வி நூல்கள் பலவற்றில் சொல்லடைவு விடுபட்டிருப்பதைப் பதிப்பாளர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மாணவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் இத்தனை அளவுகோல்களுக்கும் மேலான சோதனை. 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர் ஓர் எளிய முறையைத் தந்தார். நூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, முதல் வாக்கியத்தை அப்படியே விட்டு, அதன் பிறகு ஐந்தாவது சொல்தோறும் நீக்கிக் கோடிட்ட இடமாக்கி, மாணவர்களை நிரப்பச் சொல்ல வேண்டும். நிரப்ப முடிந்த அளவுக்கு அந்த நடை அவர்களுக்கு எட்டுகிறது என்று பொருள். தமிழில் வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டியே நிற்பதால், உருபு மாறியிருந்தாலும் சொல் பொருந்தினால் சரியென்று கொள்வது நியாயமாக இருக்கும். பின்தங்கிய மாணவர், நடுத்தர மாணவர், முன்னேறிய மாணவர் என மூன்று நிலைகளிலும் சிலரிடம் இதைச் செய்து பார்த்தால், யாருக்கு எந்த நூல் என்பது பெருமளவு தெளிவாகிவிடும். அதற்கும் நேரமில்லையென்றால், ஒரு மாணவரிடம் நூலையும் பென்சிலையும் கொடுத்து, ஆசிரியர் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தின் இரண்டு பக்கங்களைப் படிக்கச் சொல்லி, புரியாத இடங்களில் கோடிடச் சொல்லலாம். கோடுகள் கலைச்சொற்களின் கீழ் விழுந்தால் ஆசிரியர் விளக்கிவிடலாம். அவை ‘ஆகவே’, ‘எனவே’ என்று தொடங்கும் வாக்கியங்களின் கீழ் விழுந்தால், நூலாசிரியர் காரணத்தைச் சொல்லாமல் முடிவுக்குத் தாவியிருக்கிறார் என்று அறியலாம். இரண்டாவது வகை நூலை எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் நான் பரிந்துரைப்பதில்லை.

பார்வைக் குறையுள்ள மாணவர்களையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும். 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கை, அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அதை வேறு வடிவங்களுக்கு மாற்றுவதில் இருந்த பதிப்புரிமைத் தடைகளைத் தளர்த்தியிருக்கிறது. கணினி வாய்விட்டுப் படிக்கக்கூடிய ஒருங்குறி (யூனிகோட்) கோப்பு கிடைக்குமா என்று பதிப்பகத்திடம் தேர்வின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத மாணவர் எந்த வகுப்பிலும் இருக்கலாம் என்பதால், வண்ணத்தை மட்டுமே நம்பி வேறுபாடு காட்டும் வரைபடங்கள் உள்ள நூலையும் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே செய்வது எளிதன்று என்பதை அறிவேன். ஆசிரியர்களுக்கு நேரமில்லை, பெற்றோரில் பலருக்கு எல்லாப் பாடங்களிலும் பயிற்சி இல்லை. அதனால்தான் தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நாவல்களுக்கும் கவிதைத் தொகுப்புகளுக்கும் நூல்மதிப்புரைப் பக்கத்தில் இடம் தருகிறீர்கள். ஒரு நாவலைப் படிப்பவர்களைவிட ஒரு பாடநூலைப் படிக்க வேண்டியவர்கள் பன்மடங்கு அதிகம். பிடிக்கவில்லையென்று அதை மூடி வைக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களிலாவது, வாரம் ஒரு பாடநூலையோ துணைநூலையோ எடுத்து, அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவரும் ஓராண்டு அந்நூலைப் படித்த மாணவர் ஒருவரும் எழுதும் மதிப்புரைகளை அருகருகே வெளியிடுங்கள். எந்தப் பாடத்தை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள், எந்த நிலையிலுள்ள மாணவருக்கு அது பொருந்தும், எந்தப் பக்கத்தில் பிழை, எந்தப் பதிப்பு ஆகிய விவரங்கள் ஒவ்வொரு மதிப்புரையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். பதிப்பகத்தார் பிழைகளுக்கு விடையளிக்க அடுத்த வாரமே இடம் ஒதுக்கலாம். பள்ளிநிலை அறிவியல் நூல்களுக்கு முதல் சில மதிப்புரைகளை எழுதித் தரவும், என்னிடம் படித்த மாணவர்களை எழுத வைக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் அறிவியல் ஆசிரியை